ஐ. எவ். ஸ்டோனின் பத்திரிகைப் பணி: ஒரு மதிப்பீடு

காலையில் வாசிக்கப்படும் பத்திரிகை மாலையிற் கடைச்சரக்கு மடிக்கும் தாளாகி விடுகின்றது. நாளாந்த அரசியலைப் பற்றி எழுதுவோரின் எழுத்துக்கு உலகம் வழங்கும் ஆயுள் பெரும்பாலும் அவ்வளவே. எழுதி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் எடுத்து ஆராயத்தக்கதாய், அதன் சரியும் பிழையும் ஒருங்கே நிறுக்கத்தக்கதாய் நிலைத்துள்ள பத்திரிகை எழுத்து மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனிலிருந்து 1953ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டு வரை ஐ. எவ். ஸ்டோன் என்பார் தாமே செய்தி திரட்டி, தாமே எழுதி, தாமே பதிப்பித்த நான்கு பக்கப் பத்திரிகையாகும்.

ஸ்டோனைப் பற்றி எழுதப்பட்டவை பல. அவரை உண்மையின் காவலர் என்று போற்றியோர் ஒருபுறம். மொஸ்கோவின் ஊதுகுழல் என்று தூற்றியோர் மறுபுறம். இருசாராரும் அவர் எய்திய முடிவுகளைக் கொண்டே அவரை எடைபோட்டனர். அம்முடிவுகளை அவர் எவ்வழியால் எய்தினார் என்பதை நோக்கியோர் குறைவு. அவ்வழியை நோக்கினாலன்றி, ஒருவரே ஓரிடத்தில் ஓர் அரசாங்கத்தின் பொய்யைத் தனித்து நின்று வெளிப்படுத்தியதும், மற்றோரிடத்தில் ஒரு பெரும் போரின் தோற்றத்தையே பிழைபடக் கூறியதும் எவ்வாறு என்பது விளங்காது.

இசிடோர் பைன்ஸ்ரைன் என்னும் இயற்பெயருடைய அவர் 1907ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் திகதி பிலடெல்பியா நகரிற் பிறந்தார். பெற்றோர் ருசியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர். நியூ ஜேர்சியிலுள்ள ஹடன்பீல்ட் என்னும் சிற்றூரிற் கடை வைத்து வாழ்ந்தவர். பதினான்கு வயதில், பாடசாலை மாணவராயிருந்தபோதே, 'முன்னேற்றம்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு பத்திரிகையை அச்சிட்டு அவர் வெளியிட்டார். சர்வதேச சங்கத்தையும் காந்தியடிகளையும் ஆதரித்து எழுதிய அப்பத்திரிகை மூன்று இதழ்களோடு நின்றது. மகனின் படிப்புக் கெடுகின்றதே எனத் தந்தையார் அதனை நிறுத்தி விட்டார். நிறுத்தியும் பயன் விளைந்திலது. ஐம்பத்திரண்டு மாணவர் கொண்ட வகுப்பில் அவர் நாற்பத்தொன்பதாம் இடத்திலே தேறினார் என்பது ஆசிரியர்க்கு அத்துணை ஆறுதல் தரும் செய்தியன்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே தத்துவம் பயிலப் புகுந்து, 1927ஆம் ஆண்டில் இடைநடுவே அதனை விட்டு, முழுநேரப் பத்திரிகையாளரானார்.

அதன் பின்னர் 'நியூயோர்க் போஸ்ற்' பத்திரிகையிலே தலையங்கம் எழுதியதும், 'நேஷன்' வார இதழின் வாஷிங்டன் ஆசிரியராய் இருந்ததும், விளம்பரமே ஏற்பதில்லை என்ற கொள்கையோடு 1940இல் தோன்றிய 'பீ.எம்.' என்னும் நாளிதழிற் பணியாற்றியதும் வரிசையாய் நிகழ்ந்தன. யூதப் பகைமை எங்கும் தலையெடுத்த 1937ஆம் ஆண்டிலே தம் பெயரை ஐ. எவ். ஸ்டோன் என மாற்றிக்கொண்டார். 'பீ.எம்.' 1948இல் மறைந்தது. அதனிடத்தில் வந்த 'ஸ்ரார்' 1949இன் தொடக்கத்தில் மறைந்தது. அதற்கும் பின் வந்த 'டெயிலி கொம்பஸ்' 1952 நவம்பரில் மறைந்தது. நாற்பத்தைந்தை நெருங்கிய வயதில், மூன்று பத்திரிகைகளின் மரணத்தைக் கண்டவராய், ஸ்டோன் வேலையற்று நின்றார். செனற் சபை உறுப்பினர் ஜோசப் மக்கார்த்தியின் கை ஓங்கியிருந்த காலம் அது. இடதுசாரி என்று பெயரெடுத்த ஒருவருக்கு வேலை கொடுக்கும் துணிவு எந்தப் பெரிய பத்திரிகைக்கும் இருக்கவில்லை.

இந்நிலையில் அவர் செய்தது, தமக்கு வேலை தாமே கொடுத்துக் கொண்டமை. மறைந்த மூன்று பத்திரிகைகளின் சந்தாதாரர் பட்டியல்களைப் பெற்று, அவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ 5,300 பேர் ஆண்டுக்கு ஐந்து டொலர் சந்தா அனுப்பினர். வேலைநீக்கத்தின்போது பெற்ற பணமும் நண்பர் ஒருவர் தந்த கடனும் முதலாக அமைய, 1953 ஜனவரி 17ஆந் திகதி முதலிதழ் வெளிவந்தது. மனைவியார் எஸ்தர் கணக்கும் தபாலும் பார்த்தார். விளம்பரம் இல்லை, படம் இல்லை, பரபரப்பூட்டும் தலைப்பும் இல்லை. முதற் சந்தாதாரருள் அல்பேட் ஐன்ஸ்ரைனும் பேட்ரன்ட் ரசலும் இருந்தனர். பத்திரிகையின் தோற்றம் வேண்டுமென்றே பழமைவாய்ந்ததாக அமைக்கப்பட்டது. கருத்திலே புரட்சி பேசுபவர் அச்சிலே அடக்கம் காட்டுவதே நம்பிக்கைக்கு வழி என்று அவர் கண்டிருந்தார் போலும்.

அவர்தம் முறையை விளங்கிக்கொள்வதற்கு ஓர் உடற்குறையைக் குறிப்பிடுதல் வேண்டும். ஸ்டோனுக்குச் செவிப்புலன் குறைவு. பார்வையும் தடித்த கண்ணாடியின் துணை வேண்டி நின்றது. அமைச்சர்கள் நிருபர்களைக் கூட்டிப் பேசும் இடங்களிலே சென்று கேட்டறிதல் அவருக்கு அரிதாயிருந்தது. ஆதலின் அவர் பேசியதைக் கேளாது, பேசியதன் எழுத்துப் பிரதியைப் படித்தார். காங்கிரசின் நாட்குறிப்பு, விசாரணைக் குழுக்களின் நூற்றுக்கணக்கான பக்கங்கள், திணைக்களங்களின் ஆண்டறிக்கைகள், உள்நாட்டு வெளிநாட்டு நாளிதழ்கள் என்பனவே அவருடைய ஊற்றுக்கள். இவற்றுள் எதுவும் மறைபொருளன்று. எவரும் வாங்கிப் படிக்கத்தக்கன. எனினும் படித்தவர் அவரே. தலைநகரின் மற்றை நிருபர்கள் அமைச்சரோடு விருந்துண்டு, 'உயர்மட்ட வட்டாரங்கள் கூறுவதாவது' என்று எழுதிக் கொண்டிருக்க, ஸ்டோன் விருந்துக்கு அழைக்கப்படாதவராய் அறிக்கையின் பிற்சேர்க்கையைப் படித்துக் கொண்டிருந்தார். (வாஷிங்டன் பத்திரிகையாளர் கழகத்திலிருந்து அவர் ஏலவே விலகியிருந்தார். 1940களின் தொடக்கத்தில் தாம் அழைத்துச் சென்ற கறுப்பின நீதிபதி வில்லியம் ஹேஸ்ரிக்கு அங்கு உணவு பரிமாற மறுத்தமையே காரணம்.)

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் தொழிலுக்கு நெருங்கியது அவர் தொழில் எனலாம். ஓர் அறிக்கையின் முதற்பக்கம் கூறுவதை நாற்பதாம் பக்கம் மறுக்குமாயின், அவ்விரண்டையும் அருகருகே ஒரு கட்டத்துள் அச்சிட்டு விடுவார். உரை ஏதும் எழுதார். வாசகர் தாமே கண்டு கொள்வர்.

இம்முறையின் சிறப்புக்கு 1957ஆம் ஆண்டு நிகழ்ச்சியே தலைசிறந்த எடுத்துக்காட்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி அமெரிக்க அணுச்சத்தி ஆணைக்குழு நெவாடாப் பாலைவனத்தில் நிலத்தின் கீழ் முதன்முறையாக ஓர் அணுவெடிப்பை முழுதும் அடக்கி நிகழ்த்தியது. அணுப் பரிசோதனைகளைத் தடைசெய்தல் பற்றி ருசியாவுக்கும் அமெரிக்காவுக்குமிடையே பேச்சு நிகழ்ந்து கொண்டிருந்த காலம். நிலக்கீழ் வெடிப்பைத் தொலைவிலிருந்து கண்டறிய முடியாதாயின், எதிரி ஒளித்துச் செய்வான். ஆகவே தடை ஒப்பந்தம் பயனற்றது என்பது ஒப்பந்தத்தை விரும்பாதோர் வாதம். நெவாடா வெடிப்பு 200 மைலுக்கு அப்பால் உணரப்படாது என்று சொல்லப்பட்டது. மறுநாட் பத்திரிகையைப் படித்த ஸ்டோன், செய்தியின் அடியிலே ஒட்டப்பட்டிருந்த சில வரிகளைக் கண்டார். ரொரன்ரோவில் அவ்வதிர்ச்சி பதிவானது என்றன அவ்வரிகள். பிற்பதிப்பையும் வாங்கிப் பார்த்தார். அதில் உரோமிலும் ரோக்கியோவிலும் பதிவானதாக மேலும் இரண்டு துண்டுச் செய்திகள் இருந்தன. அந்நகரங்களுக்குத் தந்தியடித்து விசாரிக்கப் பணவசதி இல்லை. கத்தரித்துக் கோவையில் இட்டுவைத்தார்.

அடுத்த வசந்தத்திலே, 1958 மார்ச்சில், ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டு, இருநூறு மைற் கதையை உத்தியோகபூர்வமாக உறுதிப்படுத்தியது. ஸ்டோன் கோவையை எடுத்தார். வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் நிலநடுக்கங்களைப் பதிவு செய்யும் பிரிவொன்று உண்டு என்பதறிந்து அங்கே சென்றார். நெடுங்காலமாகப் பத்திரிகையாளர் எவரும் மிதியாத இடம் அது. அங்கிருந்த விஞ்ஞானிகள் உரோம், ரோக்கியோச் செய்திகளை நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் அவ்வெடிப்பைப் பதிவு செய்த பத்தொன்பது நிலையங்களின் பட்டியலைக் காட்டினர். அவற்றுள் ஒன்று ஆர்கன்சாவில். மற்றொன்று வடகோடியிலே அலஸ்காவின் பெயர்பாங்ஸ் நகரில். அன்றே ஆணைக்குழுவுக்குத் தொலைபேசியில் இதனைக் கேட்டார் ஸ்டோன். சிறிது காலத்துள் ஆணைக்குழு தன் அறிக்கையைத் திருத்தியது. இருநூறு மைல் 2,300 மைலாயிற்று.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தாம் முதலிற் கண்ட துண்டுச் செய்திகளுள் இரண்டை விஞ்ஞானிகள் மறுத்தபோது, ஸ்டோன் அவற்றைப் பற்றிப் பிடித்துக் கொண்டிராது கைவிட்டார். பத்தொன்பது நிலையங்களே போதுமென்றார். தமக்கு உவப்பான சான்றையும் தட்டிப் பார்த்தே ஏற்கும் இந்த அடக்கம் அவருடைய வெற்றிகள் யாவற்றிலும் காணப்படுகின்றது. தோல்விகள் யாவற்றிலும் காணப்படவில்லை.

1964 ஒகஸ்ட் 2ஆந் திகதியும் 4ஆந் திகதியும் ரொன்கின் குடாவிலே வட வியட்நாமியப் படகுகள் தம் போர்க்கப்பல்களைத் தாக்கியதாக அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. ஜனாதிபதி ஜோன்சனுக்குப் போர் தொடுக்கும் அதிகாரம் வழங்கிய தீர்மானம் ஒகஸ்ட் 7ஆந் திகதி பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0 என்றும், செனற் சபையில் 88க்கு 2 என்றும் நிறைவேறியது. எதிர்த்த இருவர் வேன் மோர்ஸ், ஏணஸ்ற் குருனிங் என்போர். மோர்ஸ் சபையிலே கூறியவற்றைப் பெரும் பத்திரிகைகள் ஏறெடுத்தும் பார்த்தில. ஸ்டோன் அப்பேச்சை நாட்குறிப்பிற் படித்து, அம்மாதம் 24ஆந் திகதி இதழில் ஆராய்ந்தார். தாக்குதலுக்குச் சில நாள் முன்னரே தென் வியட்நாமியப் படகுகள் வடக்கின் தீவுகளைக் குண்டுவீசித் தாக்கியமையும், அமெரிக்கக் கப்பல் அப்பகுதியிலே உலவியமையும் வாசகர்க்குத் தெரியவந்தன. இரண்டாந் தாக்குதல் நிகழவே இல்லை என்பது, அமெரிக்க இரகசியத் தகவற் பிரிவின் சொந்த ஆவணங்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபோது ஐயமற உறுதியாயிற்று.

அடுத்த ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி இராசாங்கத் திணைக்களம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, தென் வியட்நாமில் நடைபெறுவது உள்நாட்டுக் கிளர்ச்சியன்று, வடக்கிலிருந்து ஏவப்பட்ட ஆக்கிரமிப்பே என்று வாதித்தது. மார்ச் 8ஆந் திகதி இதழிலே ஸ்டோன் அதற்கு எழுதிய மறுப்பு அவர் எழுத்துக்களுள் முதன்மையானது. அதே நாளிலேதான் அமெரிக்கக் கடற்படைப் போர்வீரரின் முதற் பெரும் அணி டா நாங் கரையில் இறங்கியது. மறுப்பின் உயிர்நாடி ஓர் எளிய கணக்கு. கொமியூனிஸ்ட் நாடுகளிற் செய்யப்பட்டுக் கிளர்ச்சிக்காரரிடமிருந்து பதினெட்டு மாதங்களிற் கைப்பற்றப்பட்ட ஆயுதங்களை அறிக்கையின் பிற்சேர்க்கை பட்டியலிட்டிருந்தது. துப்பாக்கி முதற் பீரங்கி ஈறாக எண்ணினால் அவை 179. பாதுகாப்புத் தலைமையகமோ 1962 முதல் 1964 வரையான மூன்றாண்டுகளிற் கைப்பற்றிய ஆயுதங்கள் 15,100 என்று வேறோரிடத்திற் கூறியிருந்தது. பாதிக் காலத்துக்குப் பாதியென 7,500 எனக் கொண்டால், வெளியிலிருந்து வந்ததாகக் காட்டத்தக்கவை நூற்றுக்கு இரண்டரைக்குங் குறைவு. மிகுதி ஆயுதம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அமெரிக்கா தென் வியட்நாம் அரசாங்கத்துக்குக் கொடுத்து, அவ்வரசாங்கத்தின் படைகள் இழந்தவற்றிலிருந்தே வந்தது. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க இக்கணக்கைத் தலைநகரிலிருந்த பெரும் பத்திரிகைகளுள் எதுவும் செய்திலது என்பது வியப்பே.

எனினும் இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வெள்ளை அறிக்கை தன் கூற்றை நிறுவவில்லை என்று ஸ்டோன் காட்டினார்; அஃது உறுதி. அதனால் அறிக்கை மறுத்ததே உண்மை என்று ஆகிவிடாது. ஹனோய் தலைமை 1959ஆம் ஆண்டிலேயே தெற்கிற் போரை வளர்க்கத் தீர்மானித்ததும், 1964இன் இறுதிக்குள் வடக்கின் முறையான படையணிகள் தெற்கு நோக்கி நகரத் தொடங்கியதும் போர் முடிந்த பின் வெளிவந்த வரலாறுகளால், வெற்றி பெற்ற தரப்பினர் எழுதியவற்றாலும், அறியப்பட்டவை. கிளர்ச்சியின் வேர் உள்நாட்டது என்ற ஸ்டோனின் கருத்து பெரிதும் பொருந்துவதே. ஹனோயின் கையைக் குறைத்து மதித்தமை பொருந்தாது. ஓர் ஆவணத்தின் பொய்யைக் காணுதல் ஒன்று. அப்பொய் மறைத்த மெய்யைக் காணுதல் பிறிதொன்று. முன்னதற்கு ஆவணமே போதும். பின்னதற்கு அது போதாது.

இவ்வேறுபாட்டை அவர் முற்றாக மறந்தவிடம் 1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொரியப் போரின் மறைக்கப்பட்ட வரலாறு' என்னும் நூல். வேறு பதிப்பாளர் ஏற்காதபோது 'மந்த்லி றிவியூ' குழுவினர் அதனை வெளியிட்டனர். அந்நூல் இரு வேறு தன்மையுடையது. தளபதி மக்காதரின் தலைமையகம் வெளியிட்ட போர்ச்செய்திகளை நாளிதழ்ச் செய்திகளோடு ஒப்பிட்டு, சீனப் படைகளின் தொகை எவ்வாறு வேண்டியபோது பெருகியும் வேண்டாதபோது சுருங்கியும் காட்டப்பட்டது என விளக்கும் பகுதிகள் இன்றும் படிக்கத்தக்கவை. ஆனால் போர் எவ்வாறு தொடங்கியது என்பதைக் கூறும் முதற்பகுதியோ வினாக்களாலேயே கட்டப்பட்ட வீடு. 1950 யூன் 25ஆந் திகதி வடக்கின் படையெழுச்சியைத் தெற்கின் சிங்மன் ரீயும் அவருடைய அமெரிக்க நண்பரும் வேண்டியே வரவழைத்தனரோ, முன்னறிந்தும் வாளாவிருந்தனரோ, தெற்கே முதலிற் சீண்டியதோ என ஒன்றன்பின் ஒன்றாக ஐயங்கள் எழுப்பப்படுகின்றன. எதற்கும் நேரான விடை தரப்படுவதில்லை. விடையைச் சொல்லாமலே வாசகரை அவ்விடைக்கு இட்டுச்செல்லும் இவ்வுத்தி, திணைக்கள அறிக்கைகளிற் கண்டு அவர் கண்டித்த உத்தியேயாம்.

1994ஆம் ஆண்டில் ருசிய ஜனாதிபதி தென் கொரியாவுக்குக் கையளித்த சோவியத் ஆவணங்கள் இவ்விவாதத்தை முடித்து வைத்தன. கிம் இல் சுங் படையெடுப்புக்கு அனுமதி வேண்டிப் பன்முறை கேட்டதும், 1950இன் முற்பகுதியில் ஸ்டாலின் இசைந்ததும், திட்டம் வகுக்கச் சோவியத் ஆலோசகர் துணைசெய்ததும் அவற்றிலே காணப்படுகின்றன. 1952இல் அவ்வாவணங்களை ஸ்டோன் கண்டிருக்க முடியாது என்பது மெய்யே. ஆயினும் குறை அங்கன்று. வாஷிங்டனின் ஆவணங்கள் அவர் கையில் இருந்தன. மொஸ்கோவின் ஆவணங்களோ பியொங்யாங்கின் ஆவணங்களோ இல்லை. விளக்குள்ள அறையிற் கண்ட அழுக்கைக் கொண்டு, இருளில் இருந்த மற்றை அறை தூயது என முடிவு கட்டியமையே குறை. நூலகமும் நாட்குறிப்பும் விசாரணைக் குழுவும் உடைய நாட்டிலேதான் ஸ்டோனின் முறை தொழிற்படும். அவை இல்லாத நாட்டைப் பற்றி அம்முறை மௌனஞ் சாதித்தல் வேண்டும். அம்மௌனத்தைக் குற்றமின்மையாகக் கொள்வது தவறு.

இதனை அவரே பின்னர் உணர்ந்தார் என்பதற்கு 1956ஆம் ஆண்டுக் கட்டுரை சான்று. ஸ்டாலினின் கொடுமைகளைக் குருஷ்சேவ் கட்சி மாநாட்டிலே வெளிப்படுத்திய அவ்வாண்டில், ஸ்டோன் ருசியாவுக்குச் சென்று மீண்டார். அது நல்ல சமுதாயமன்று என்றும், நேர்மையாளரால் நடத்தப்படுவதன்று என்றும் வெளிப்படையாக எழுதினார். அவ்வாறு எழுதினால் எவர் கோபிப்பர் என்பது அவருக்குத் தெரியும். ஏனெனில் அவரைச் சோறூட்டி வளர்த்தவர்கள் அவர்களே. சில நூறு சந்தாதாரர் விலகினர். விளம்பரமற்ற பத்திரிகைக்கு ஒவ்வொரு சந்தாவும் உயிர்மூச்சு. முதலாளியின் அச்சத்தினின்றும் விடுபட்ட பத்திராதிபர் வாசகரின் அச்சத்தினின்றும் விடுபடுதல் அதனிலும் அரிது. பத்திரிகை நடத்தியோர் இதனை அறிவர். இருந்தும், இருபது ஆண்டு பிந்திய தீர்ப்பு அது என்று கூறுவோர் கூற்றையும் மறுப்பதற்கில்லை. 1930களின் மொஸ்கோ வழக்குகளைக் கண்டு அப்பொழுதே துணிந்து எழுதிய இடதுசாரிகள் உளர். ஸ்டோன் அவர்களுள் முன்வரிசையில் நின்றாரல்லர்.

அவர் மறைந்த பின்னர் எழுந்த குற்றச்சாட்டையும் விடுத்துச் செல்லுதல் தகாது. 1992ஆம் ஆண்டில் முன்னாட் சோவியத் உளவு அதிகாரி ஒருவரின் பேச்சிலிருந்து கிளம்பிய அது, 2009ஆம் ஆண்டில் ஹெயின்ஸ், கிளெர், வசீலியெவ் என்னும் மூவர் எழுதிய நூலிலே விரிவு பெற்றது. 1936 முதல் 1938 வரை ஸ்டோன் சோவியத் உளவுத்துறைக்குத் துணைபுரிந்தார் என்பது அதன் சாரம். ஆட்களைச் சுட்டிக் காட்டியமை, செய்தி காவியமை, பத்திரிகையாளர் செவிக்கு எட்டிய தனிச் செய்திகளைக் கூறியமை என்பனவே அங்குச் சுமத்தப்படுவன. அதே ஆண்டிலே ஸ்டோனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட குட்டன்பிளான் இதனை மறுத்து, பாசிச எதிர்ப்புக் காலத்துப் பத்திரிகையாளர் எவரும் தூதரகத்தாரோடு பேசியதற்கு மேற்பட்டது அதில் இல்லை என்று வாதித்தார். வழக்கு முடிவுறவில்லை. ஐயாயிரம் பக்கங்களுக்கு மேல் அவரைப் பற்றிக் கோவை வைத்திருந்த அமெரிக்கப் புலனாய்வுத் துறை, அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருபோதும் அவர்மீது வழக்குத் தொடரவில்லை என்பது மாத்திரம் துணிபு. வார இதழின் மதிப்போ இவ்வழக்கின் முடிவைப் பொறுத்ததன்று. அதிலே கூறப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் அவ்விடத்திலேயே சுட்டப்பட்டுள்ளது. எழுதியவர் எத்தகையவராயினும் 179 என்பது 179ஏ.

சார்பு உடையவர் உண்மை உரைத்தல் கூடுமா என்னும் வினாவுக்கு, பலஸ்தீனம் பற்றிய அவர் எழுத்து மற்றொரு வகையில் விடை தருகின்றது. 1946ஆம் ஆண்டிலே ஐரோப்பிய வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூத அகதிகளோடு, பிரித்தானியரின் தடையை மீறிச் சென்ற கப்பலிலே தாமும் பயணஞ்செய்து ஒரு நூல் எழுதினார். யூதரிடையே அவருக்கு அது பெரும் புகழைத் தந்தது. ஆயினும் யூதரும் அராபியரும் சமமாய் வாழும் இருதேசிய அரசொன்றே தீர்வு என்று அந்நூலிற் கூறியிருந்தார். அவ்வரிகளை நீக்கினால் நூலைப் பெருமளவில் விளம்பரப்படுத்துவதாக நண்பர் சிலர் கூறியபோது இசைந்தாரல்லர். 1967ஆம் ஆண்டுப் போரின் பின்னர், அராபிய அகதிகளின் துயரத்தை யூதர் தம் துயரத்தோடு ஒப்பவைத்துப் பார்த்தல் வேண்டும் என்று எழுதி, தம் இனத்தார் பலரின் பகைமையைத் தேடிக்கொண்டார். சொந்த இனத்தின் குறையை எழுதுவதற்கு வெள்ளை அறிக்கையைக் கிழிப்பதற்கு வேண்டியதிலும் மிகுந்த நெஞ்சுரம் வேண்டும். இவ்வொன்றில் ஸ்டோன் தம் காலத்தவர் பலரினும் உயர்ந்து நிற்கின்றார்.

அவருடைய அரசியற் கொள்கையைப் பற்றி நீட்டிக்க வேண்டுவதில்லை. ஜெபர்சனையும் மார்க்சையும் ஒருசேரப் போற்றியவர் அவர். பொருளாதாரத்திலே சமதர்மமும் பேச்சிலே கட்டற்ற சுதந்திரமும் வேண்டுமென்பது அதன் சுருக்கம். அவ்விரண்டும் ஒருங்கே நிலைபெற்ற நாட்டை அவரும் கண்டிலர். அவர் பெயரோடு இணைத்து வழங்கும் வாசகம், அரசாங்கங்கள் யாவும் பொய்யுரைப்பன என்பது. அதன் பிற்பகுதியை மேற்கோள் காட்டுவோர் மறந்து விடுகின்றனர். பிறருக்கு ஊட்டும் மயக்கப்பொருளைத் தாமே உட்கொள்ளும் அதிகாரிகளையுடைய நாட்டுக்கே அழிவு நேரும் என்பது அதன் கருத்து. முற்பகுதியை மட்டும் கொண்டால் அஃது எதனையும் நம்பாமைக்குச் சாக்காகும். ஸ்டோன் அவ்வாறு கொள்ளவில்லை. அரசாங்கத்தின் ஏட்டிலேயே உண்மையும் கிடக்கின்றது என்று நம்பியதனாலன்றோ நாள்தோறும் அவ்வேடுகளைப் படித்தார்! நிலநடுக்கப் பிரிவின் விஞ்ஞானிகளும் அரசாங்க உத்தியோகத்தரே.

நடையிலும் அவர் தேர்ந்தவர். வாக்கியங்கள் குறுகியவை, எள்ளல் உண்டு, ஏச்சு அருகியே காணப்படும். அவசரத்தில் எழுதிய இதழ்களிலே தீர்க்கதரிசி போன்று முழங்குவதும் உண்டு. அவ்விடங்கள் இன்று சுவைப்பதில்லை. எண்களைப் பேசவிட்டு அவர் ஒதுங்கும் இடங்களே காலத்தை வென்றவை. 5,300 சந்தாவோடு தொடங்கிய இதழ், வியட்நாம் எதிர்ப்பு ஓங்கிய காலத்தில் வளர்ந்து, 1968இல் இருவாரத்துக்கு ஒருமுறையாக மாறி, 1971 டிசெம்பரில் ஏறத்தாழ 70,000 பிரதிகளோடு நின்றது. நிறுத்தியது நட்டமன்று, நெஞ்சுநோய்.

ஓய்வு பெற்றவர் அறுபத்து நான்காம் வயதின்மேற் கிரேக்க மொழி பயிலத் தொடங்கினார். பேச்சுச் சுதந்திரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்து, பின்னோக்கிப் பின்னோக்கிச் சென்று ஏதென்ஸ் நகரத்தை அடைந்தார். மூலமொழியிலன்றிப் படிப்பதை அவர் மனம் ஒப்பவில்லை. 1988ஆம் ஆண்டில் வெளிவந்த 'சோக்கிரதீசரின் வழக்கு' அதன் பயன். சுதந்திரப் பேச்சுக்குப் பெயர்போன நகரம் ஒரு கிழவரைப் பேச்சுக்காகக் கொன்றது ஏன் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. கி.மு. 411இலும் 404இலும் குடியாட்சியைக் கவிழ்த்தோருட் சோக்கிரதீசரின் மாணாக்கரும் தோழரும் இருந்தமையையும், 'முப்பதின்மர்' கொடுமைக்குத் தலைமை தாங்கிய கிரித்தியாஸ் அவர்பாற் பயின்றமையையும் நினைவூட்டி, 399இல் நீதிபதிகளாய் அமர்ந்த குடிமக்களின் அச்சத்தை விளங்கச் செய்கின்றார். ஏதென்சின் பேச்சுரிமையைத் துணைக்கழைத்திருந்தாற் சோக்கிரதீசர் விடுதலை பெற்றிருப்பார். தாம் இகழ்ந்த குடியாட்சியின் கொள்கையால் உயிர் பிழைக்க அவர் விரும்பவில்லை என்பது நூலின் முடிபு.

பிளேற்றோவை ஓர் இராசாங்கத் திணைக்களமாகவும், அவர் உரையாடல்களை வெள்ளை அறிக்கைகளாகவும் கொண்டு ஸ்டோன் படித்தார் எனலாம். அதனால் விளைந்த நன்மை பெரிது. பிளேற்றோ சொல்லாமல் விட்டவை எவை, வழக்கின் அரசியற் பின்னணி ஏன் மறைக்கப்பட்டது என்னும் வினாக்களை அவ்வளவு கூர்மையாகப் பொதுவாசகர் முன் வைத்த நூல் பிறிதில்லை. விளைந்த தீங்கும் அதனாலேயே. உரையாடல் என்பது நாடகம். அதிலே சோக்கிரதீசர் வாயில் வைக்கப்பட்டது எது, அவரே கூறியது எது எனப் பிரித்தறிதல் பேரறிஞர்க்கும் எய்தாதது. 'குடியரசு' நூலின் அடக்குமுறைக் கருத்துக்களைப் பெரும்பாலும் சோக்கிரதீசர்க்கே உரியனவாக ஸ்டோன் கொண்டதைக் கிரேக்கம் வல்லோர் கண்டித்தனர், கண்டனம் நியாயமானதே. பிளேற்றோவின் புகழுரையைப் பொய்யெனக் கண்டவர், அப்புகழுரைக்கு அப்பாலுள்ள மனிதரையும் கண்டுவிட்டதாக எண்ணினார். கொரியாவிலே நேர்ந்தது ஏதென்சிலும் நேர்ந்தது.

ஆயினும் ஏதென்ஸ் மக்களையும் அவர் விடுவித்தாரல்லர். சோக்கிரதீசரின் கொள்கை குடியாட்சிக்குப் பகையாயினும், செயலின்றிச் சொல்லுக்காக ஒருவரைக் கொல்வது அந்நகரம் தன் சட்டத்துக்குத் தானே இழைத்த துரோகம் என்று தீர்ப்பளித்தார். குடியாட்சியின் பக்கமே தம் அன்பெல்லாம் இருக்க, தாம் வெறுத்த கருத்துடையவரின் பேச்சுரிமைக்காகத் தாம் நேசித்த நகரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய அப்பக்கங்களை எழுதியபோது ஸ்டோனுக்கு வயது எண்பதை அணுகியிருந்தது. மறு ஆண்டு, 1989 யூன் 18ஆந் திகதி, பொஸ்ரன் நகரில் அவர் காலமானார்.